ஆப்பெல்வேனில் ஒரு மரம் திரும்பிய விவகாரம்

ஆப்பெல்வேன் நகராட்சி எல்லைக்குள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எந்தப் பொருளைப் பற்றியும் நகராட்சிக்கு ஒரு கருத்து உண்டு. வேலிக்கு உண்டு. நாய்க்கூண்டுக்கு உண்டு. பனிமனிதன் ஒரு வாரத்துக்கு மேல் உருகாமல் நின்றால் அவனுக்கும் உண்டு. கருத்து இல்லாமல் தப்பித்தவை இரண்டே. ஒன்று மேகம். இன்னொன்று ஹார்ம் ஃபெல்ட்காம்ப் வீட்டு ஆன்டெனா. இரண்டும் விண்ணப்பிக்கவில்லை.

அந்த ஆன்டெனா முப்பத்தோரு வருஷம் எங்கள் தெருவில் நின்றது. பன்னிரண்டு மீட்டர் இரும்புக் கோபுரம், உச்சியில் ஒரு தண்டு, தண்டுக்குக் குறுக்கே மூன்று அலுமினியக் குழாய்கள். யாரோ பெரிய மீன் ஒன்றைச் சாப்பிட்டு முடித்து முள்ளைக் கூரைக்கு மேலே காயப்போட்டது மாதிரி இருக்கும். அடியில் ஒரு மோட்டார். ஹார்ம் தன் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினால் மீன்முள் மெதுவாகத் திரும்பும். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து உலகத்தோடு அவர் ரேடியோவில் பேசுவார். நகராட்சி அதைப் பார்க்கவில்லை. அதிகாரிகள் காகிதத்தைப் பார்ப்பவர்கள், அதற்குக் காகிதம் இல்லை.

பிப்ரவரிப் புயலில் கோபுரம் வளைந்து, முள் முறிந்து, பாதி பொதுக் கால்வாயில் விழுந்தது. கால்வாயில் ஒரு பொருள் கிடந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். இவ்வாறாக, ஆன்டெனா நின்றுகொண்டிருந்தது என்பதை அது விழுந்த பிறகு நகராட்சி கண்டுபிடித்தது. "இனிமேல் நிற்பதாக இருந்தால் அனுமதி பெற்று நிற்கவும்" என்று கடிதம் வந்தது.

ஹார்முக்கு எழுபத்திரண்டு வயது. அண்ணன் பெரெண்டுக்கு எழுபத்தெட்டு, இருப்பது நியூஸிலாந்தில், நெல்சன் என்ற ஊரில். அப்பாவின் படகை விற்றது யார் என்ற தகராறில் அண்ணனும் தம்பியும் பதினொரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவே விற்றார் என்பது ஹார்மின் கட்சி. அப்பா சாகும்வரை "என் படகு எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தாரே என்பது பெரெண்டின் கட்சி. பிறகு இருவரும் மறுபடி பேச ஆரம்பித்தது ரேடியோவால்தான். தொலைபேசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தலாம். கத்தினார்கள், இரண்டாவது நிமிஷம் வைத்துவிட்டார்கள். ரேடியோவில் ஒருவர் பொத்தானை அமுக்கிப் பேசும்போது எதிராளி கத்துவது அவர் காதில் விழாது. பதில் வராத கத்தலை யாரும் அதிக நேரம் கத்துவதில்லை. ஆகவே இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒருவர் முடித்ததும் "உன் முறை" என்பார், மற்றவர் தொடங்குவார். உலகத்திலேயே ஃபெல்ட்காம்ப் குடும்பத்தார் முறை வைத்துப் பேசியது அங்கே மட்டும்தான்.

நவம்பர் முதல் தேதி பெரெண்ட் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே துணி உலர்த்தவே கம்பி கட்டக் கூடாதாம், ஆன்டெனாவுக்கு எங்கே. அக்டோபர் கடைசி ஞாயிறோடு ரேடியோவைப் பெட்டியில் போட்டுவிடுவார். அதற்குள் ஹார்ம் அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். படகை விற்றது ஹார்ம்தான்.

இந்த விஷயம் அவர் மனைவி டீனெகேவுக்கு மட்டும் தெரியும். டீனெகேவுக்கு மட்டும் தெரியும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

ஹார்ம் மார்ச் முழுக்கப் புது ஆன்டெனா செய்தார். குழாய்களை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டினார். பின்னால் நீளமான குழாய், முன்னால் குட்டையான குழாய், நடுவில் கம்பி இணைக்கும் குழாய். மோட்டாரைப் பிரித்து, பழைய கிரீஸை வழித்துப் புது கிரீஸ் அடைத்தார். கம்பி சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் ரப்பர் நாடாவை மூன்று சுற்றுச் சுற்றினார். எல்லாம் முடிந்து மீன்முள் புல்வெளியில் படுத்திருந்தபோது வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விண்ணப்பத்தை நிரப்பினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

விண்ணப்பத்தை நேரில் பார்வையிட வந்தவர் ஈவோ ப்ரெமர். கட்டடப் பிரிவு. கழுத்தில் நீல நாடா, நாடாவில் அடையாள அட்டை. தங்கமான மனிதர். காபியை வாங்கிக்கொண்டார், தட்டில் இருந்த ஒரே பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார், பேனாவைத் திறந்தார்.

"முகப்பு எந்தப் பக்கம் பார்க்குதுங்க?"

"எதோட முகப்பு?" என்றார் ஹார்ம்.

"இந்தப் பொருளோட."

"அது திரும்பும்ங்க. எந்த நாட்டோட பேசணுமோ அந்தப் பக்கம் திருப்பிக்குவேன். முன்னாடி இருக்கிறவங்களுக்கு நல்லாக் கேட்கும், முதுகுப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கேட்காது."

"கட்டடம் திரும்பாதுங்களே."

"இது கட்டடம் இல்லீங்க."

"கட்டடம் இல்லேன்னா நான் வந்திருக்க முடியாது. நான் கட்டடப் பிரிவு."

ஹார்ம் ஜன்னல் வழியே கையை நீட்டினார். "அதோ அந்தக் காற்றாலை திரும்புதே. தலையோட சேர்ந்து திரும்புது. முந்நூறு வருஷமா திரும்புது."

ஈவோ எட்டிப் பார்த்தார். காற்றாலை திரும்பிக்கொண்டிருந்தது. "அது நினைவுச் சின்னம்," என்றார். "அது வேற பிரிவு."

"சரிங்க. திசைன்னு போட்டிருக்கிற கட்டத்துல 'எல்லாத் திசையும்'னு எழுதிக்கோங்க."

"எண்தான் எழுதலாம். மூணு இலக்கம். ஒரு எண்."

"அப்போ முந்நூத்தறுபது டிகிரிக்கும் முந்நூத்தறுபது விண்ணப்பம் போடவா?"

ஈவோ இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பயிற்சியில் அப்படி ஒன்றும் சொல்லித்தரவில்லை. "தாராளமாப் போடலாம். ஒவ்வொண்ணுக்கும் எட்டு வாரம். ஆனா ஒரே இடத்துக்கு ரெண்டு விண்ணப்பம் ஒரே நேரத்துல ஓடக் கூடாது. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது."

ஹார்ம் பிஸ்கட் இல்லாத தட்டைப் பார்த்தபடி கணக்குப் போட்டார். "ஐம்பத்தஞ்சு வருஷம் ஆகும்ங்க. எனக்கு நூத்திருபத்தேழு வயசு ஆயிருக்கும்."

"கால நீட்டிப்பு வாங்கிக்கலாம்," என்றார் ஈவோ.

ஹார்ம் நாற்பது என்று எழுதச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து நேராக நெல்சன் நகரத்தைப் பார்க்கும் திசை அது. வடகிழக்கு. ஈவோ மூன்று இலக்கமாக்க முன்னால் ஒரு சுழியம் போட்டுக்கொண்டார்.

அடுத்த கட்டம் அழகுக் குழு. ஒரு பொருள் உறுதியாக இருந்தால் போதாது, கண்ணுக்கு உறுத்தாமலும் இருக்க வேண்டும் என்று பார்க்க எங்கள் நாட்டில் குழு உண்டு. அந்த வருஷம் குழுவின் தலைவி கட்டடக் கலைஞர் ஃப்லூர் வெர்ஸ்தேக். கறுப்பு உடை, கறுப்பு வட்டக் கண்ணாடி, பேச்சுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம். அந்த வருஷத்துக் கொள்கை 'அமைதி'. அதன்படி ஆப்பெல்வேனில் கதவு, வேலி, குப்பைத்தொட்டி எல்லாம் மூடுபனி நிறத்துக்கு மாறியிருந்தன. தபால்காரர் இரண்டு தடவை வேலியில் மோதினார். அமைதியாகவே மோதினார் என்று குழு பதிவு செய்தது.

ஃப்லூர் வரைபடத்தை ஒரு கை நீளம் தள்ளிவைத்துப் பார்த்தார். "இந்தப் பொருள் தெருவோட பேசவே மாட்டேங்குதே, மிஸ்டர் ஃபெல்ட்காம்ப்."

"அது நியூஸிலாந்தோட பேசறதுக்கும்மா. தெருவோட பேசணும்னா நான் வாசல்ல போய் நின்னுக்குவேன்."

"நான் அந்தப் பேச்சைச் சொல்லலை. ஒரு உரையாடல். இந்த மூணு குழாய் வானத்தைக் கீறுது. வானம் என்ன பதில் சொல்லுது?"

"மழை பேஞ்சா இரைச்சல் ஜாஸ்தியா இருக்கும்," என்றார் ஹார்ம், உண்மையாகவே.

ஃப்லூர் கண்ணை மூடினார். குழுவில் இருந்த மற்ற மூவரும் மூடினார்கள். திறந்தபோது முடிவு பிறந்திருந்தது. "இது ஏன் ஒரு மரமா இருக்கக் கூடாது?"

"ஏன்னா இது ஆன்டெனா."

"அது போன வருஷத்துப் பதில்."

மரம் என்று முடிவானதும் எந்த மரம் என்று தீர்மானிக்க மூன்று அமர்வுகள் ஆயின. பைன் மரம் வேண்டாம், கைபேசிக் கோபுரங்கள் எல்லாம் பைன் மரமாக வேஷம் போட்டு அந்த மோஸ்தர் பழசாகிவிட்டது. இலையுதிர் மரம்தான் நேர்மையானது. நேர்மையான பிளாஸ்டிக் இலைகள் இரண்டாயிரத்து நானூறு. இலையுதிர் மரம் என்பதால் அக்டோபர் பதினைந்திலிருந்து உரிமையாளர் அவற்றை இயல்பான வேகத்தில் உதிர்க்க வேண்டும், வசந்தத்தில் திரும்ப மாட்ட வேண்டும். இயல்பான வேகத்துக்கு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருந்தது.

கோடை முழுவதும் டீனெகே சமையலறை மேஜையில் இலை கட்டினாள்.

"முப்பத்தோரு வருஷம் உங்க மீன்முள்ளோட குடித்தனம் பண்ணேன்," என்றாள். "இப்போ கீரைக்கட்டு."

"அக்டோபருக்குள்ள ஏத்திடணும், டீனெகே."

"ஒரு வாக்கியம் சொல்றதுக்கு ரெண்டாயிரத்து நானூறு இலை. கடுதாசியில எழுதிப் போட்டிருந்தா ஏப்ரல்லயே போய்ச் சேர்ந்திருக்கும்."

"கடுதாசியில சொன்னா அவன் என்ன சொல்றான்னு கேட்க முடியாதே."

டீனெகே இலையைக் கட்டினாள்.

அனுமதி அக்டோபர் பதினாறாம் தேதி வந்தது. 'மரத்தன்மை கொண்ட பொருள் ஒன்று, முகப்பு 040.' பதினேழாம் தேதி கோபுரம் எழுந்தது. ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஹார்ம் அதைத் தென்மேற்கே திருப்பி, பிரேசிலில் ஒரு பல் மருத்துவரோடு கால் மணி நேரம் பேசினார். பல் மருத்துவர் இவருடைய ஆன்டெனாவைப் பற்றிக் கேட்டார், இவர் அவருடைய ஆன்டெனாவைப் பற்றிக் கேட்டார். வழக்கமாக அவர்கள் பேசுவது அதுதான்.

இதைப் பக்கத்து வீட்டு லுபர்ட் காலை ரொட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். லுபர்ட் புகார் கொடுக்கிறவர் அல்ல. தகவல் கொடுக்கிறவர். நகராட்சிக்கு அவர் தொலைபேசியில் தந்த தகவல்: "ஒண்ணுமில்லீங்க, சும்மா சொல்லி வைக்கலாமேன்னு. எங்க பக்கத்து வீட்ல ஒரு மரம் இருக்கு. ஏழே முக்காலுக்கு என்னைப் பார்த்துக்கிட்டிருந்தது. எட்டு மணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. நான் ஒண்ணும் சொல்லலை. மரத்துக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ."

மறுநாளே ஆள் வந்தார். ஈவோ ப்ரெமர். கழுத்தில் பச்சை நாடா.

"வாங்க ஈவோ," என்றார் ஹார்ம்.

"வணக்கம். நாம முன்னாடி சந்திச்சதில்லை," என்றார் ஈவோ. "நான் பசுமைப் பிரிவு. மரப் பதிவேடு."

"ஏப்ரல்ல வந்தீங்களே. பிஸ்கட் சாப்பிட்டீங்களே."

"அது கட்டடப் பிரிவு வந்திருக்கும். ஆள் பற்றாக்குறை, ரெண்டையும் நானே பார்க்கறேன். ஆனா அங்க தெரிஞ்ச விஷயம் இங்க தெரியாது. கலக்கக் கூடாது."

"அப்போ இது மரம் இல்லே, ஆன்டெனான்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஈவோவின் முகத்தில் ஒரு வேதனை ஓடியது. தெரிந்த மனிதரின் முகம், தெரியாத அதிகாரியின் நாடா. "கட்டடப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வர ஆறு வாரம்."

"பதில் எழுதப் போறது யாரு?"

"நான்தான். ஆனா அவசரப்படுத்த முடியாதுங்க. அங்கே வேலை ஜாஸ்தி."

பசுமைப் பிரிவின் பார்வை இதுதான். பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள மரம் பதிவேட்டில் இல்லாமலே வளர்ந்திருக்கிறது. அது பரவாயில்லை, பதிந்துவிட்டார்கள். வெட்டக் கூடாது, சாய்க்கக் கூடாது, உயரம் குறைக்கக் கூடாது. ஆனால் மரம் திரும்புவது கவலைக்குரியது. ஆரோக்கியமான மரம் திரும்பாது. வேரில் கோளாறு இருக்கலாம். நிபுணர் வந்து வேரைப் பார்க்கும்வரை மரம் கண்டெடுக்கப்பட்ட நிலையிலேயே இருக்க வேண்டும்.

"எந்த நிலை?" என்றார் ஹார்ம்.

ஈவோ திசைகாட்டியை எடுத்தார். பிரேசில் பல் மருத்துவரைப் பார்த்தபடி நின்ற மரத்தை அளந்தார். "இருநூத்திருபது டிகிரி." கொட்டகைக்குள் போய், மோட்டாரைத் திருப்பும் பொத்தானுக்கு மேல் நகராட்சி முத்திரை ஒட்டினார்.

நாற்பது டிகிரிக்கு அனுமதி வாங்கிய ஆன்டெனா அதற்கு நேர் எதிரே முதுகைக் காட்டி முத்திரையிடப்பட்டது. அண்ணன் ஒரு பக்கம், மீன்முள் மறுபக்கம், கடைசி ஞாயிற்றுக்கு எட்டு நாள். ஈவோவை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த ஹார்ம் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

டீனெகே பயந்துபோனாள். "என்னங்க, பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"உலகம் உருண்டைடீ. இந்தப் பக்கம் விட்டாலும் அண்ணன்கிட்டதான் போகும். பிரேசிலைத் தாண்டி, தென்துருவத்தைச் சுத்தி, பின்வாசல் வழியாப் போகும். காலை நேரத்துல அந்த வழிதான் நல்லாவே இருக்கும்."

"அப்போ இத்தனை மாசமா நாற்பது டிகிரி, நாற்பது டிகிரின்னு ஏன் குதிச்சீங்க?"

"அவங்க ஒரு எண் கேட்டாங்க. நேர்வழியைச் சொன்னேன்."

கடைசி ஞாயிறு வந்தது. மழையும் வந்தது. அட்டவணைப்படி ஹார்ம் முந்நூறு இலைகளை உதிர்த்திருந்தார். மிச்சம் இரண்டாயிரத்து நூறு இலைகளும் நனைந்து, குழாய்களோடு ஒட்டிக்கொண்டு, கொட்டகையில் இருந்த மீட்டரின் முள்ளைப் போகக் கூடாத பக்கமெல்லாம் கொண்டுபோயின. அனுப்பும் சக்தியில் பாதி இலையிலேயே தங்கியது.

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஈவோ வந்தார். இந்தத் தடவை ஆரஞ்சு நாடா. மதிப்பீட்டுப் பிரிவு. முத்திரையிட்ட நிலையிலும் பொருள் தன் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்று நேரில் பதிய வேண்டுமாம். அவருக்குப் பின்னால் ஃப்லூர், 'அமைதி' விருதுக்கான இறுதிப் பார்வைக்கு. அவருக்குப் பின்னால் லுபர்ட், சும்மா. டீனெகே முன்பே வந்து கதவோரம் நின்றிருந்தாள். கொட்டகையில் இருந்ததே இரண்டு நாற்காலி. ஹார்முக்கு ஒன்று. இன்னொன்றில் ஈவோ உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டார். பாதிரியாரிடம் தனியாகச் சொல்வதைப் போல நடக்க வேண்டிய ஒரு காரியத்துக்கு நான்கு பேர் ஈரக் கோட்டோடு கூடியிருந்தார்கள்.

ஹார்ம் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். "பெரெண்ட் அண்ணே, ஹார்ம் பேசறேன். உன் முறை."

பதிலுக்கு எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரிவது மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல்.

"நீ ஐந்து-ஒன்பது. ரொம்பத் தெளிவா வருது. யாரு பேசறது?"

ஈவோ பேனாவைத் தூக்கினார். "ஐந்து-ஒன்பதுன்னா?"

"அஞ்சுக்கு அஞ்சு தெளிவு, ஒன்பதுக்கு ஒன்பது பலம்," என்றாள் டீனெகே. "அதுக்கு மேல மார்க் இல்லை."

ஈவோ எழுதிக்கொண்டார்.

"ஹார்ம், அண்ணே. உன் தம்பி. நீயும் ஐந்து-ஒன்பது. உன் முறை."

"ஹார்மா. நல்லாக் கேட்குதுடா. இங்க பெட்டி கட்டியாச்சு. இது ஒண்ணுதான் மேஜை மேல இருக்கு. என்னமோ சொல்லணும்னியாம், டீனெகே சொன்னா. உன் முறை."

ஹார்ம் டீனெகேவைப் பார்த்தார். டீனெகே கூரையைப் பார்த்தாள். அவர் பொத்தானை அமுக்கினார். "அண்ணே. படகை அப்பா விக்கலை. நான்தான் வித்தேன். உன் முறை."

மீன் பொரிந்தது.

"ஐந்து-ஒன்பது, ஹார்ம். மணி அடிக்கிற மாதிரி கேட்குது. எதை வித்தே?"

"படகை."

"எந்தப் படகை?"

"அப்பா படகை, அண்ணே."

"அதை அப்பாவே வித்துட்டார்னு நீதானே சொன்னே."

"பொய் சொன்னேன்."

"நீ ஐந்து-ஒன்பதுதான், ஆனா கடைசியில சொன்னது மட்டும் காத்துல போயிடுச்சு. இன்னொரு தடவை சொல்லு."

"பொய் சொன்னேன் அண்ணே."

"இன்னொரு தடவை."

ஹார்மின் காது சிவந்துவிட்டது. லுபர்ட் உதவி செய்ய நினைத்து ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தார். "பொய் சொன்னாராம்ங்க. அவரேதான் வித்தாராம்."

"அது யாரு?"

"பக்கத்து வீடு," என்றார் லுபர்ட். "சும்மா வந்தேன்."

ஃப்லூர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எவ்வளவு அடக்கமான பொருள்," என்றார் மெதுவாக.

ஹார்ம் மூன்றாவது தடவை சொன்னார், நான்காவது தடவையும் சொன்னார். நான்காவது தடவை அது பொய்க்கான மன்னிப்பாக இல்லை, பேரம் முடியாத மீன்காரனின் கூவலாக இருந்தது. பெரெண்டுக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா, அல்லது முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்தவன் ஆற அமர அனுபவித்துக்கொண்டிருந்தானா என்று அந்தக் கொட்டகையில் யாராலும் சொல்ல முடியாது. இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் குரல் ஒருமுறை மேலே வந்தது.

"ஐந்து-ஒன்பதுடா தம்பி. ஒண்ணு விடாம எல்லாம் கேட்டாச்சு. மனசுல ஒண்ணும் இல்லை. போய்ச் சாப்பிடு."

பிறகு இரைச்சல் மட்டும். ஹார்ம் பத்து நிமிஷம் கூப்பிட்டுப் பார்த்தார். ஈவோ தாளை மடித்து வைத்தார். வெளியே வந்ததும் டீனெகே ஹார்மின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான். லுபர்ட் தெருமுனை போவதற்குள் விஷயம் தெருமுனைக்குப் போயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து நகராட்சியின் தீர்மானம் வந்தது. 'இலைகள் பொருத்தி, ஒரே திசையில் நிலைநிறுத்தி, மழையில் நனைந்த நிலையில் மேற்கண்ட பொருள் உலகின் மறுபக்கத்தில் அதிகபட்ச மதிப்பெண்ணான ஐந்து-ஒன்பதைப் பெற்றுள்ளது. ஒரே அமர்வில் ஆறு முறை. எனவே திருப்பும் மோட்டார் அவசியமற்றது எனக் கண்டு அதை அகற்ற உத்தரவிடப்படுகிறது. ஆப்பெல்வேனில் உள்ள ஏனைய எல்லா ஆன்டெனாக்களுக்கும் இதுவே முன்மாதிரியாகும்.' விருது தனி உறையில் வந்தது.

ஹார்ம் அன்றைக்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். ஈவோ நீல நாடாவில் இருந்தார்.

"ஐந்து-ஒன்பதுன்னா நல்லாக் கேட்குதுன்னு அர்த்தம் இல்லீங்க," என்றார் ஹார்ம்.

"பின்னே?"

"மரியாதை. நாங்க எல்லாரும் எல்லாருக்கும் அதைத்தான் கொடுப்போம். ரேடியோப் போட்டி நாள்ல எதிராளி பேர்கூடக் கேட்காது. அப்பவும் 'நீங்க ஐந்து-ஒன்பது, பேரைத் திரும்பச் சொல்லுங்க'ன்னுதான் சொல்வோம். அன்னிக்கு மழையில என் ஆன்டெனா எட்டின தூரத்துக்குக் கொட்டகைக் கதவைத் திறந்து நான் கத்தியிருக்கலாம்."

ஈவோ தீர்மானத்தின் நகலை எடுத்துப் புரட்டினார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அவர் உதவி செய்ய விரும்பினார், வழி கிடைத்துவிட்டது. "இது போதும்ங்க. தீர்மானத்தையே ரத்துப் பண்ணிடலாம். மோட்டாரும் உங்களுக்கு, முத்திரையும் போயிடும், வேணும்னா இலையைக்கூட மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். ஒரே ஒரு வாக்குமூலம்." அவர் தட்டச்சு செய்து தாளை நீட்டினார்.

ஹார்ம் படித்தார். 'அக்டோபர் கடைசி ஞாயிறு காலை என் சகோதரர் பெரெண்ட் ஃபெல்ட்காம்ப், தனக்கு எல்லாம் கேட்டதாகச் சொன்னது உண்மையல்ல. அன்று நான் சொன்ன எதுவும் அவரைச் சென்றடையவில்லை.'

"கீழ கையெழுத்துப் போடுங்க," என்றார் ஈவோ, பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்து.

ஹார்ம் பேனாவை வாங்கினார். பக்கத்து மேஜையில் யாரோ ஒருவர் கோழிக்கூண்டுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார், கோழிகள் எந்தத் திசையைப் பார்க்கும் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹார்ம் தாளை இன்னொரு தடவை படித்தார். தொலைபேசியில் அண்ணனையே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இரண்டு வாரமாக அவர் தொலைபேசிப் பக்கமே போகவில்லை.

"சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்றார் ஈவோ.

"இல்லீங்க. அண்ணனுக்குக் கேட்டுச்சு."

"இப்பத்தானே கேட்கலைன்னீங்க."

"கேட்டுச்சு."

"நல்லாவா?"

"ஐந்து-ஒன்பது," என்றார் ஹார்ம்.

ஈவோ அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மோட்டாரை ஒப்படைக்கும் படிவத்தை எடுத்து வைத்தார். ஹார்ம் அதில் கையெழுத்துப் போட்டார்.

இன்று ஆப்பெல்வேனில் இலையுதிர் மரங்கள் ஒன்பது, ஒன்பதும் இருநூற்றிருபது டிகிரியைப் பார்த்து நிற்கின்றன. ரேடியோ சங்கத்தில் ஹார்மோடு யாரும் பேசுவதில்லை. காற்றில் மட்டும் பேசுகிறார்கள், ஒருவருக்கொருவர் ஐந்து-ஒன்பது கொடுத்துக்கொண்டு. நகராட்சி இதற்காகத் தனியாக ஒரு பிரிவு தொடங்கி ஈவோவுக்கு நான்காவதாக ஒரு நாடா கொடுத்திருக்கிறது. பிரேசிலில் அந்தப் பல் மருத்துவருக்கு ஆப்பெல்வேன் அழைக்காத நாளே இல்லையாம், வேறு ஊரே உங்களுக்குக் கிடைக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

போன மாதம் நகராட்சி எங்கள் எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் அனுப்பியது. 'குடிமக்களாகிய உங்கள் குரலை நாங்கள் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறோம்? ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் தரவும்.' தெருவில் எல்லாரும் ஐந்து போட்டோம். குறைத்துப் போட்டால் என்ன குறை என்று கேட்க நேரில் ஆள் வருமாம்.